முடிவு சொல்லக்கூடியவரை அனுப்புங்கள்

தொழிற்சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஆலை நிர்வாகத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோழர்களே, நிர்வாகத்தில் இருக்கும் நண்பர்களே, வணக்கம்.

உங்கள் இரு தரப்பாருக்கும் ஒரே கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து அனுப்புவது முப்பத்தொரு ஆண்டுகள் என் அன்றாட வேலையாக இருந்தது. 'மேற்படி தொழில் தகராறு தொடர்பான சமரசப் பேச்சுவார்த்தை இன்ன தேதியில் இன்ன நேரத்தில் நடைபெறும்; உரிய ஆவணங்களுடன் தவறாது கலந்துகொள்ளவும்' என்ற வரிகளை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. சமரச அலுவலராக இருந்து ஓய்வுபெற்றேன். இப்போது இரு தரப்பும் சேர்ந்து அழைத்தால் எப்போதாவது நடுவராக உட்காருகிறேன். பதவியில் இருந்த காலத்தில் உங்களிடம் சொல்ல நினைத்து, சொன்னால் இவர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று யாராவது ஒருவர் எண்ணிவிடக்கூடும் என்று அடக்கிக்கொண்ட ஒன்று இருக்கிறது. அதற்காகவே இந்த மடல்.

சமரச மேசைக்கு முடிவு சொல்லக்கூடிய ஆளை அனுப்புங்கள். இரு தரப்பாரிடமும் நான் கேட்பது இதைத்தான்.

ஏன் இப்போது கேட்கிறேன் என்றால், சட்டம் மாறியிருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தோடு வளர்ந்தவர்கள் நாம். 'பன்னிரண்டு மூன்று போட்டாகிவிட்டது' என்று ஒரு சங்கச் செயலாளர் சொன்னால், 12(3) பிரிவின்படி சமரச அலுவலர் முன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்று பொருள்; நமக்குள் வேறு விளக்கம் தேவைப்படாது. அந்தச் சட்டத்தில் சமரசம் முறிந்தால் முறிவறிக்கை அரசுக்குப் போகும். அரசு அதைப் பார்த்துத் தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம். கோப்பு நகராமல் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் அல்லாடியதை நேரில் பார்த்தவன் நான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அந்த இடைப்படி நீங்கிவிட்டது. சமரச அலுவலர் 45 நாட்களுக்குள், வேலைநிறுத்த அறிவிப்பு வந்திருந்தால் 14 நாட்களுக்குள், அறிக்கை தந்தாக வேண்டும். தீர்வு ஏற்படவில்லை என்றால் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் 90 நாட்களுக்குள் நேரே தீர்ப்பாயத்தை அணுகலாம்.

கோப்புக்காகக் காத்திருக்கும் அவலம் ஒழிந்ததை மனதார வரவேற்கிறேன். என் கவலை வேறு. நேரே போக வழி திறந்துவிட்டால், நடுவில் இருக்கும் சமரச அறை வெறும் நடைபாதை ஆகிவிடும். இரண்டு முறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றாம் முறை முறிவறிக்கை வாங்கிக்கொண்டு போகிற இடமாக அதை ஆக்கிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அப்படி ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு என் மேசைக்கு வந்த ஒரு தகராறு. ஒரு நூற்பாலையில் பதினெட்டுப் பேருக்கு வேலை மறுக்கப்பட்டது. முதல் பேச்சுவார்த்தைக்கு நிர்வாகத்தின் சார்பில் டைம் ஆபீஸ் எழுத்தர், அதாவது வருகைப் பதிவு பார்ப்பவர், வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு வாய்தாக் கடிதம். 'மேலாளர் வெளியூர் சென்றிருப்பதால்' என்று தொடங்கியது அந்தக் கடிதம். அடுத்த முறையும் அவரே வந்தார், அதே கடிதம், தேதி மட்டும் மாறியிருந்தது. ஒன்பது முறை வந்தார். ஏழாம் முறை என் மேசைக்கு எதிரே உட்காரவே கூசினார்; வெளியே பெஞ்சில் அந்தப் பதினெட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் இருவர் அவருடைய தெருக்காரர்கள். ஆவணத்தையும் ஆளையும் வரவழைக்கச் சட்டம் எனக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. அதைப் பயன்படுத்தி மேலாளரை வரவழைத்தேன். வந்தார், 'முதலாளியைக் கேட்க வேண்டும்' என்று சொல்லிவிட்டுப் போனார். ஆளை வரவழைக்கச் சட்டத்தால் முடியும். முடிவோடு வரச் செய்ய முடியாது.

முறிவறிக்கை எழுதினேன். அரசு அனுப்பியது. தொழிலாளர் நீதிமன்றம், பிறகு உயர் நீதிமன்றம் என்று பதினோரு ஆண்டுகள் ஓடின. இறுதித் தீர்ப்பு தொழிலாளர்களுக்குச் சாதகமாக வந்தபோது பதினெட்டில் மூவர் உயிரோடு இல்லை. ஆலை இருந்த இடத்தில் வீட்டுமனைக் கற்கள் நட்டிருந்தார்கள். நிர்வாகமும் அந்த வழக்கில் எதையும் காப்பாற்றிக்கொள்ளவில்லை. முதல் மாதத்தில் ஒரு பொறுப்பான ஆள் வந்து உட்கார்ந்திருந்தால் செலவாகியிருக்கக்கூடிய தொகையைப் போல் எத்தனையோ மடங்கு வழக்குக்கும், வேலை மறுக்கப்பட்ட காலத்துக்கான பின்சம்பளத்துக்கும் போயிற்று.

சங்கத் தோழர்கள் இதைப் படித்துத் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்களிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சமரசத்துக்கு வழக்கறிஞரை மட்டும் அனுப்பி, அவர் 'எல்லாவற்றையும் மறுக்கிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன தகராறுகள் எத்தனை! அறைக்குள் ஒத்துக்கொண்டு, மறுநாள் வாயிற்கூட்டத்தில் 'அதிகாரி எங்களைக் கட்டாயப்படுத்தினார்' என்று பேசிய தலைவர்களையும் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு வந்த அவப்பெயர் பெரிதில்லை. அடுத்த முறை அந்தத் தலைவர் 'சரி' என்று சொன்னபோது நிர்வாகம் அதை நம்பவில்லை. அந்த நம்பிக்கையின்மைக்கு விலை கொடுத்தவர்கள் அவருடைய உறுப்பினர்கள்.

இந்த வேலையைப் பற்றி வெளியே தெரிந்தது குறைவு. எனவே கொஞ்சம் சொல்கிறேன். சமரச அலுவலருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. இளைஞனாக இருந்தபோது அதை ஒரு குறையாக நினைத்து வருந்தியிருக்கிறேன். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த மூத்த அதிகாரி ஒருவர், 'உன்னிடம் அதிகாரம் இல்லை என்பதால்தான் உன்னிடம் உண்மையைச் சொல்வார்கள்' என்றார். அது விளங்க எனக்குப் பத்தாண்டு பிடித்தது. நீதிபதியிடம் யாரும் தன் பலவீனத்தைச் சொல்ல மாட்டார்கள். என்னிடம் சொன்னார்கள். தனித்தனியே உட்கார வைத்துப் பேசும்போது, கதவைச் சாத்திய பிறகு, இரண்டாவது டீ வந்த பிறகு சொன்னார்கள். ஒரு பக்கம் சொன்னதை மறுபக்கத்துக்குக் கடத்தாமல், ஆனால் அது தெரிந்தவனாக அடுத்த கேள்வியைக் கேட்பதுதான் இந்தத் தொழிலின் முழு நுட்பமும்.

ஒரு தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தையைச் சொல்கிறேன். பண்டிகைக்கு ஐந்து நாள் இருந்தது. அறுநூற்றைம்பது பேர் வேலை செய்த ஆலை. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இரண்டு கரை கட்டியிருந்தது. எங்கள் ஐப்பசி மாதம் முழுவதும் இந்த இரண்டு கரைகளுக்கு நடுவில்தான் கழியும். அந்த ஆண்டு சங்கம் 20 கேட்டது, நிர்வாகம் 12 என்றது. முந்தைய ஆண்டு கொடுத்தது 16.5. மாலை ஆறு மணிக்குத் தொடங்கி, பத்து மணி வரை இரு பக்கமும் பழைய இருப்புநிலைக் குறிப்புகளை மேசைமேல் பரப்பிக் குரலை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். பிறகு பிரித்து உட்கார வைத்தேன்.

சங்கச் செயலாளர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: 'சார், போன வருடத்துக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் நாளைக் காலை வாயிற்கூட்டத்தில் ஸ்டூல்மேல் ஏற என்னால் முடியாது.' அடுத்த அறையில் ஆலையின் இயக்குநரே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னார்: 'தொகை எங்களைக் கொன்றுவிடாது. ஆனால் 12க்கு மேல் போனஸ் என்று நான் கையெழுத்துப் போட்டால், எங்கள் மற்ற ஆலையில் நாளைக்கே அந்த எண்ணைக் கேட்பார்கள். அங்கே நட்டம்.' ஒருவருக்குத் தொகையில் பயம், மற்றவருக்குப் பெயரில் பயம். நான்கு மணி நேரம் இரண்டு பேரும் சதவீதத்தைப் பற்றித்தான் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநரிடம் கேட்டேன்: 'போனஸ் என்ற சொல் 12லேயே நிற்கட்டும். பக்கத்தில் வேறொரு சொல் வந்தால் தொகையைப் பற்றிப் பேசலாமா?' சங்கத்தாரிடம் கேட்டேன்: 'கைக்கு வரும் தொகைக்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டுமா?' இரவு ஒன்று நாற்பதுக்குக் கையெழுத்தானது. 12 சதவீதம் போனஸ், 4.75 சதவீதம் கருணைத்தொகை. மொத்தத்தில் முந்தைய ஆண்டைவிடக் கால் சதவீதம் கூடுதல். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு முன், ஆலைக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்று கேட்டேன். செயலாளர் ஸ்டூல்மேல் ஏறி அந்தக் கால் சதவீதத்தை மூன்று முறை சொன்னார்.

அந்த இரவில் நான் செய்தது சொற்பம். இயக்குநர் தானே வந்திருந்தார், அதனால் முடிந்தது. அவருக்குப் பதிலாகப் பணியாளர் அலுவலர் ஒருவர் வந்திருந்தால், இரவு பத்து மணிக்கு மேல் யாருக்குத் தொலைபேசி செய்வது என்று தயங்கியிருப்பார். இயக்குநர் மனதில் இருந்த அந்த மற்ற ஆலையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லியிருக்கவே மாட்டார்கள்.

முடிவு சொல்லக்கூடியவர் என்று நான் சொல்வது பெரிய பதவியில் இருப்பவரை மட்டும் குறிப்பதில்லை. இது முக்கியமாகச் சங்கத் தோழர்களுக்கு. பெண்கள் பெரும்பான்மையாக வேலை செய்யும் ஓர் ஆடைத் தொழிற்சாலை. இருபத்து மூன்று கோரிக்கைகள் கொண்ட பட்டியல். சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் ஏழு பேர், ஏழு பேரும் ஆண்கள். அடிப்படை ஊதியம், பஞ்சப்படி, வருகை ஊக்கத்தொகை எல்லாம் நான்கு அமர்வுகளில் பேசி முடித்தோம். பத்தொன்பதாம் கோரிக்கை 'கழிவறைக்குச் செல்ல டோக்கன் பெறும் முறையை ரத்து செய்க' என்றது. 'அதை நிர்வாகம் பரிசீலிக்கும் என்று எழுதிக்கொள்ளலாம் சார்' என்றார் குழுத் தலைவர். நிர்வாகமும் சரி என்றது. நானும் எழுதினேன். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

ஒப்பந்த வரைவை வாயிற்கூட்டத்தில் படித்தபோது பெண்கள் ஏற்கவில்லை. நல்ல ஊதிய உயர்வை ஏன் மறுக்கிறார்கள் என்று தலைவர்களுக்குப் புரியவில்லை. அடுத்த அமர்வுக்குத் தொழிலாளர்களில் இரண்டு பெண்களையாவது அழைத்து வரும்படி சொன்னேன். வந்தவர்களில் ஒருவர், தையல் பிரிவில் இருப்பவர், அதிகம் பேசவில்லை. புடவை முந்தானையில் முடிந்திருந்த ஒன்றை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். ஒரு பித்தளை வில்லை, ஐந்து ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரியது, நடுவில் ஓட்டை, எண் 2 என்று பொறித்திருந்தது. 'எங்கள் வரிசையில் நாற்பது பேர் ஐயா. இது இரண்டுதான் இருக்கிறது. முன்னால் போனவர் திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவர் போகலாம்' என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

தொழிற்சாலைத் தலைவர் அந்த வில்லையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. யாரோ ஒரு மேற்பார்வையாளர் உற்பத்திக் கணக்குக்காகத் தானாகக் கொண்டுவந்த முறை. பத்து நிமிடத்தில் பத்தொன்பதாம் கோரிக்கை தீர்ந்தது, ஒப்பந்தமும் தீர்ந்தது. அந்தப் பெண்மணி முதல் அமர்விலேயே அங்கே இருந்திருக்க வேண்டும்.

புதிய தொகுப்பில் 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவுள்ள சங்கம் தனிப் பேச்சுவார்த்தைச் சங்கமாகிறது. அப்படி வரும் சங்கங்களுக்கு நினைவூட்டுகிறேன்: இரு தரப்பும் தனியே போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களைத்தான் கட்டும். சமரச அலுவலர் முன் ஏற்படும் ஒப்பந்தம் அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டும், நாளை வேலைக்குச் சேரப்போகிறவர் உட்பட. உங்களுக்கு வாக்களிக்காத 49 சதவீதத்தார் சார்பிலும் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். அவர்களில் யாரையாவது ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள்.

இனி, நான் கடைசியில் கற்றுக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். எல்லாத் தகராறும் சமரசத்தில் தீராது. இரு தரப்பும் உண்மையாக முயன்றும் ஓர் எண்ணில் முட்டிக்கொண்டு நிற்பது உண்டு. அப்போது தீர்ப்பாயம்தான் வழி என்று நினைத்துவிடுகிறீர்கள். நடுவில் இன்னொரு வாசல் 1956ஆம் ஆண்டிலிருந்தே திறந்திருக்கிறது. பழைய சட்டத்தில் 10ஏ பிரிவாக அந்த ஆண்டு சேர்க்கப்பட்டது. புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவரை நடுவராக வைத்து, அவர் சொல்லுவதற்குக் கட்டுப்படுவது. 1958இல் முதலாளிகள் அமைப்புகளும் மத்தியத் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஏற்ற ஒழுங்கு நெறித் தொகுப்பும் இதையே வலியுறுத்தியது. 1967இல் இதை வளர்க்கத் தேசிய அளவில் ஒரு வாரியமே அமைத்தார்கள். என் முப்பத்தொரு ஆண்டுப் பணியில் இந்த வாசல் வழியாகப் போனவர்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடுவேன்.

ஏன் தயங்குகிறீர்கள் என்பதும் தெரியும். மேல்முறையீடு இல்லையே என்று சங்கம் பயப்படுகிறது. நடுவர் பணிநீக்கத்தையே மாற்றிவிடுவாரோ என்று நிர்வாகம் பயப்படுகிறது. 1979இல் குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கில், தண்டனை மிகையா என்று பார்த்துக் குறைக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்தைப் போல நடுவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்தப் பயம் கூடியது. ஆனால் அதே வழக்கு இன்னொன்றையும் காட்டுகிறது: நடுவர் தவறினால் நீதிமன்றம் தலையிடும். ஆகவே இரண்டு பயமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன.

இந்த நாட்டில் தொழில் நடுவர் முறை எப்படித் தொடங்கியது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1918இல் அகமதாபாத். பிளேக் நோய்க் காலத்தில் கொடுத்து வந்த கூடுதல் தொகையை ஆலை முதலாளிகள் நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் 35 சதவீத உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20க்கு மேல் இல்லை என்று பிப்ரவரி 22 அன்று கதவடைத்தார்கள். முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாய். தொழிலாளர்கள் பக்கம் அவருடைய உடன்பிறந்த சகோதரி அனசூயா. காந்தி மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். உடன்பாடு எப்படி ஏற்பட்டது தெரியுமா? முதல் நாள் 35 சதவீதம், தொழிலாளர்களின் சபதம் காப்பாற்றப்பட்டது. இரண்டாம் நாள் 20, முதலாளிகளின் வார்த்தை காப்பாற்றப்பட்டது. மூன்றாம் நாளிலிருந்து நடுவர் தீர்ப்பு வரும்வரை இரண்டுக்கும் நடுவே 27.5. நடுவராக இரு தரப்பும் ஏற்றது ஆனந்தசங்கர் துருவ் என்ற பேராசிரியரை. விசாரித்த பிறகு அவர் 35 சதவீதமே தர வேண்டும் என்றார். அந்த மூன்று நாள் ஏற்பாட்டை நான் எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன். இரு தரப்பும் தலைநிமிர்ந்து ஆலைக்குள் நுழைய ஆளுக்கொரு நாள் கொடுத்தார்கள்.

சென்னை மாகாணத்தில் 1937இலும், பிறகு மத்தியில் 1952இலும் தொழிலாளர் அமைச்சராக இருந்த வி.வி. கிரி, அரசே தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் கட்டாயத் தீர்ப்பு முறை, பேசித் தீர்க்கும் பழக்கத்தையே கெடுத்துவிடும் என்று விடாமல் வாதாடியவர். வங்கி ஊழியர் தகராறில் வந்த தீர்ப்பை அரசு மாற்றியபோது 1954இல் அமைச்சர் பதவியையே விட்டு விலகினார். அவர் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர் என்பதைச் சங்கத் தோழர்களும், தீர்ப்பை மதிக்க வேண்டும் என்று பதவியை விட்டவர் என்பதை நிர்வாகத்தாரும் நினைவில் வைக்க வேண்டும்.

ஓய்வுக்குப் பின் நான் நடுவராக இருந்த ஒரு தகராறு. நூற்பாலையில் வேலைப்பளுத் தகராறு. ஒரு சைடர் (அறுந்த நூலை ஒட்டி இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி) எத்தனை ஸ்பின்னிங் ஃப்ரேம்களை, அதாவது நூற்பு இயந்திரங்களை, கவனிக்க வேண்டும் என்பதில் நிர்வாகம் ஓர் எண் சொன்னது, சங்கம் வேறு எண் சொன்னது. ஆறு மாதம் பேசியும் தீரவில்லை. இரு தரப்பும் எழுதிக் கொடுத்து என்னிடம் வந்தார்கள். சமரச அலுவலராக இருந்தபோது இப்படிப்பட்ட தகராறை அலுவலக மேசையில் வைத்தே பேசியிருப்பேன். நடுவராக ஆலைக்குள் போனேன். மூன்று ஷிப்டிலும் இரண்டிரண்டு நாள் சைடர்களோடு கூடவே நடந்தேன். அறுந்த நூலை எடுத்து, சுண்டி, ஒட்டி, அடுத்த கதிருக்கு நகரும் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு நோட்டில் கோடு போட்டேன். பகலில் கோடுகள் குறைவு. இரவு இரண்டு மணிக்கு மேல் கோடுகள் ஏறக்குறைய இரட்டிப்பாயின.

ஃபிட்டர் ஒருவரைக் கேட்டேன். காற்றில் ஈரப்பதம் கொடுக்கும் இயந்திரத்தை மின்செலவை மிச்சப்படுத்த இரவில் நிறுத்திவிடுகிறோம் என்றார். காற்று வறண்டால் பஞ்சு நூல் அறுபடும். ஆலைக்காரர்களுக்கு இது பாலபாடம். நிர்வாகம் பகல் கணக்கை வைத்து எண் சொன்னது, சங்கம் இரவு கணக்கை வைத்து எண் சொன்னது. இரண்டும் உண்மை. ஃப்ரேம் எண்ணிக்கையை நூல் அறுபடும் கணக்கோடு இணைத்து, அந்த இயந்திரம் ஓடாத ஷிப்டில் எண்ணிக்கை தானாகக் குறையும் என்று தீர்ப்பு எழுதினேன். நாற்பது நாளில் முடிந்தது. என் கட்டணத்தை இரு தரப்பும் சரிபாதியாகக் கொடுத்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து இரவிலும் அந்த இயந்திரம் ஓடுவதாகக் கேள்விப்பட்டேன்.

நீதிமன்றத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. உரிமையே கேள்விக்கு வரும்போது, சங்கம் வைக்கும் உரிமை மறுக்கப்படும்போது, பழிவாங்கும் பணிநீக்கம் நடக்கும்போது அங்கேதான் போக வேண்டும்; அதில் சமரசம் பேசச் சொல்லும் அதிகாரியை நானே ஏற்க மாட்டேன். ஆனால் ஃப்ரேம் எண்ணிக்கைக்கும், ஓர் உருப்படிக்கு இவ்வளவு கூலி என்ற பீஸ் ரேட்டுக்கும், ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவுக்கு என்ன பொருள் என்பதற்கும் ஏன் பல ஆண்டுகளைக் கொடுக்கிறீர்கள்?

உங்களில் பலருடைய ஊதிய ஒப்பந்தம் முடியும் காலம் நெருங்குகிறது. புதிய ஒப்பந்தம் எழுதும்போது கடைசியில் இப்படி ஒரு பிரிவைச் சேருங்கள்: 'இந்த ஒப்பந்தத்தின் பொருள், வேலைப்பளு, பீஸ் ரேட் ஆகியவை குறித்து எழும் தகராறு முப்பது நாட்களுக்குள் பேசித் தீராவிட்டால், கீழே பெயர் குறிப்பிட்டுள்ள மூவரில் ஒருவரை நடுவராக ஏற்று, அவர் அறுபது நாட்களுக்குள் தரும் தீர்ப்புக்கு இரு தரப்பும் கட்டுப்படுவதாக எழுத்தில் ஒப்புக்கொள்வோம்.' அதன் கீழ் மூன்று கோடுகள் விடுங்கள். அந்தக் கோடுகளில் பெயர்களைக் கையெழுத்தாகும் நாளிலேயே நிரப்பிவிடுங்கள். சண்டை தொடங்கிய பிறகு எதிர்த் தரப்பு சொல்லும் ஒவ்வொரு பெயரும் எதிர்த் தரப்பின் ஆளாகத்தான் தெரியும். கையெழுத்தாகும் நாளில், ஒரே தட்டிலிருந்து இரண்டு பக்கமும் இனிப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டால், ஒரு பேராசிரியரோ, ஓய்வுபெற்ற நீதிபதியோ, நேர்மையான பழைய ஸ்பின்னிங் மாஸ்டரோ இருவருக்கும் நினைவுக்கு வருவார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சமரச அலுவலர் ஒருவர்